சிவந்த உள்ளங்கையும் கல்லீரலும்



கொடுத்துக் கொடுத்துச் சிவந்த கை என்று வள்ளல்களைப் புகழ்வது நம் தமிழ் மரபு. மருதாணி வைத்த பெண்ணின் கை நன்றாகப் பற்றிச் சிவந்துவிட்டால், கணவன் மிகவும் அன்பானவன் என்று சொல்லிக் கேலி செய்வதும் நம் வீடுகளில் உண்டு. கைரேகை பார்ப்பவரோ சிவந்த உள்ளங்கையைக் கண்டால், "செல்வக் கை" என்று சொல்லி ஒரு வெள்ளி கூடுதலாகவே கேட்பார். சிவப்பு என்றாலே நல்லது என்று இப்படிப் பழகிப்போன நமக்கு, உள்ளங்கை தானாகச் சிவப்பது உடம்புக்குள் இருக்கும் ஒரு நோயின் அடையாளமாகவும் இருக்கலாம் என்றால் நம்புவது சற்றுக் கடினந்தான். ஆனால் அது உண்மை. அந்த நோய் பெரும்பாலும் கல்லீரலைச் சேர்ந்தது.

முதலில் அந்தச் சிவப்பு எப்படி இருக்கும் என்று பார்ப்போம். கையை விரித்து வைத்துக்கொண்டால், கட்டைவிரலுக்குக் கீழே மேடாக ஒரு சதைப் பகுதி இருக்கிறது. சுண்டுவிரலின் பக்கம் மணிக்கட்டை ஒட்டி இன்னொரு மேடு. கல்லீரல் கோளாற்றினால் வரும் சிவப்பு இந்த இரண்டு மேடுகளிலும், பல சமயம் விரல்களின் அடியிலும் நுனியிலும் தெரியும். உள்ளங்கையின் நடுக்குழி மட்டும் வெளுத்தே இருக்கும். இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி காணப்படும். அரிப்பு இராது, வலி இராது, தோலும் உரியாது. சிலருக்குக் கை சற்றுச் சூடாக இருக்கும், அவ்வளவுதான். சிவந்த இடத்தை இன்னொரு விரலால் அழுத்தி எடுத்தால், ஒரு கணம் வெளுத்து மறுபடியும் சிவக்கும். நம்மவர் பலர் கறுத்த மேனியர் என்றாலும் உள்ளங்கை வெளுப்பாகவே இருப்பதால் இந்த மாற்றத்தைக் கண்டுகொள்ள முடியும். ஆயினும் விளக்கொளியில் பார்த்து முடிவு செய்யக்கூடாது. பகல் வெளிச்சத்தில், நல்ல ஆரோக்கியமான ஒருவருடைய கையோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் உடனே ஒரு கேள்வி கேட்பார்கள். "எங்கள் கை என்றைக்குத்தான் சிவக்காமல் இருந்தது?" நியாயமான கேள்வி. மங்குப் பாலை உறைய வைக்க ஊற்றும் பார்மிக் அமிலம் கையில் பட்டால் சிவந்து எரியும், தோல் வெடிக்கும். செம்பனைக் குலை அறுக்கிறவருக்கும் உதிரிப் பழம் பொறுக்குகிறவருக்கும் கை காய்த்துப் போகும். களைக்கொல்லி அடிக்கிறவர்களின் நகமும் தோலும் பட்ட பாடு தோட்டத்துக்கே தெரியும். பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி 2020 சனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டதே ஒரு பெரிய ஆறுதல். ஆனால் இவற்றால் வரும் சிவப்பில் எரிச்சலோ அரிப்போ இருக்கும், தோல் சொரசொரப்பாகும், உரியும். மருந்து பட்ட இடத்தில்தான் வரும். எந்தக் கையால் அதிகம் வேலை செய்கிறோமோ அந்தக் கையில் கூடுதலாக இருக்கும். நாலு நாள் லீவு எடுத்தால் குறையும். கல்லீரலின் சிவப்போ வலக்கை இடக்கை பார்ப்பதில்லை, லீவு போட்டாலும் போவதில்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். கை சிவந்தவர்கள் எல்லாரும் கல்லீரல் நோயாளிகள் அல்லர். கருவுற்ற பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உள்ளங்கை சிவக்கிறது. பிள்ளை பெற்ற பிறகு தானே மறைகிறது. மூட்டுவாதம், தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரப்பது, நீரிழிவு, சில மருந்துகள் ஆகியவற்றாலும் வரலாம். சில குடும்பங்களில் பரம்பரையாகவே கை சிவந்திருக்கும். எந்தக் கெடுதலும் இல்லை. அதே போல, கை சிவக்கவில்லை என்பதால் கல்லீரல் நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. கல்லீரல் சுருங்கிப்போன நோயாளிகளிலேயே நாலு பேரில் ஒருவருக்குத்தான் ஏறக்குறைய இந்த அடையாளம் தெரிகிறது. ஆகவே நாமே கையைப் பார்த்து நோயை முடிவு செய்ய இயலாது. டாக்டரிடம் போவதற்கு ஒரு காரணமாக மட்டுமே அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

கல்லீரலுக்கும் கைக்கும் என்ன தொடர்பு? வலப்பக்க விலா எலும்புகளுக்கு உள்ளே, சுமார் ஒன்றரைக் கிலோ எடையில் இருக்கும் உறுப்பு கல்லீரல். நாம் சாப்பிடும் உணவின் சத்து, குடிக்கும் மருந்து, உடம்பில் ஊறும் பல சுரப்பு நீர்கள் யாவும் இதன் வழியாகத்தான் போகின்றன. வேலை முடிந்த சுரப்பு நீர்களைச் சிதைத்து வெளியே அனுப்புவது இதன் பொறுப்பு. அவற்றில் ஈஸ்ட்ரோஜன் என்பது ஒன்று. பெண்களுக்கு உரியது என்று சொன்னாலும், ஆண்களின் உடம்பிலும் சிறிதளவு உண்டு. கல்லீரல் பழுதடைந்தால் அதைச் சரிவரச் சிதைக்க முடியாமல் இரத்தத்தில் மிஞ்சுகிறது. இரத்தக் குழாய்களை விரியச் செய்யும் வேறு சில பொருள்களும் கூடுகின்றன. உள்ளங்கை மேடுகளில் மெல்லிய குழாய்கள் நெருக்கமாக இருப்பதால் அங்கே விரிவு சிவப்பாக வெளியே தெரிகிறது. கருவுற்ற பெண்ணின் கை சிவப்பதற்கும் இதே ஈஸ்ட்ரோஜன் பெருக்கந்தான் காரணம். அங்கே அது இயற்கை, இங்கே அது கோளாறு. இதே காரணத்தால் சில ஆண்களுக்கு மார்பு பெண்களைப் போல் பருக்கும். மார்பிலும் தோளிலும் சிலந்தி கால் பரப்பியது போன்ற சிவந்த சிறு புள்ளிகள் தோன்றும். வெட்கப்பட்டுச் சட்டையைக் கழற்றாமலே டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. தயவுசெய்து சட்டையைக் கழற்றிக் காட்டுங்கள்.

இதிலிருந்து சிகிச்சையும் விளங்கும். கைக்குத் தனியாக மருந்து கிடையாது. தைலம், களிம்பு, பச்சிலைப் பற்று எதைப் போட்டாலும் பயன் இல்லை. மருதாணி பூசி மறைப்பது அதைவிட மோசம், ஏனென்றால் டாக்டர் பார்க்க வேண்டிய அடையாளத்தையே அது மூடிவிடும். கல்லீரலைக் கெடுக்கும் காரணத்தைக் கண்டுபிடித்து அதை நிறுத்தினால், கல்லீரல் தேறத் தேறச் சிவப்பும் தணியலாம். சிலருக்குத் தணியாமலும் இருக்கலாம். அதனால் குற்றம் இல்லை. பார்க்க வேண்டியது கல்லீரலை.

கல்லீரல் கெட்டுப்போனது என்றதும் நம் ஜனங்கள் ஒரே முடிவுக்குத்தான் வருவார்கள்: ஆள் குடிகாரன். இந்தப் பேச்சு பலருக்குப் பெரிய தீங்கு செய்திருக்கிறது. வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவும் தொடாத தாய்மார்களுக்கும் கல்லீரல் சுருங்குகிறது. "ஊர் என்ன பேசுமோ" என்று அஞ்சியே அவர்கள் மருத்துவமனைப் பக்கம் போவதில்லை. மதுவைத் தவிர இன்னும் மூன்று பெரிய காரணங்கள் நம் நாட்டில் இருக்கின்றன. ஹெப்படைட்டிஸ் பி என்னும் கிருமி ஒன்று. ஹெப்படைட்டிஸ் சி இன்னொன்று. மூன்றாவது, கல்லீரலில் கொழுப்பு படிவது. 2019ஆம் ஆண்டு நடந்த தேசிய ஆய்வில் வயது வந்த மலேசியர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இந்தியர்களிடையே விகிதம் இன்னும் அதிகம். நீரிழிவும் தொந்தியும் இருக்கும் இடத்தில் கல்லீரல் கொழுப்பும் இருக்கும். காலையில் ரொட்டி சானாய், பத்து மணிக்குக் கட்டிப்பால் ஊற்றிய தே தாரே, மாலையில் சீனித் தண்ணீர் என்று வாழ்கிறவர், "நான் குடிப்பதில்லையே" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. முன்பு வெயிலில் மரம் வெட்டித் திரிந்தவர்கள், இன்று பிறைத் தொழிற்சாலைகளில் நின்ற இடத்திலேயே வேலை செய்கிறார்கள். வேலை மாறியது, சாப்பாட்டு அளவு மாறவில்லை.

மஞ்சள் காமாலை என்றவுடன் நம் வீட்டுப் பெரியவர்கள் தேடுவது கீழாநெல்லியைத்தான். லயத்து வீட்டு ஓரத்திலும் சாக்கடைக் கரையிலும் முளைத்துக் கிடக்கும் செடி. இலைக்குக் கீழே வரிசையாகச் சின்னக் காய்கள் தொங்குவதால் அந்தப் பெயர். மலாய்க்காரர்கள் இதையே "டுக்குங் அனாக்" என்கிறார்கள், முதுகில் பிள்ளையைச் சுமப்பது என்று பொருள். ஒரே காட்சியைப் பார்த்து இரண்டு இனத்தாரும் எவ்வளவு அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்! இந்தச் செடி வெறும் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கப்படவில்லை. ஹெப்படைட்டிஸ் பி கிருமியின் அடையாளத்தை இரத்தத்தில் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி பாருக் பிளம்பெர்க்கே இதை ஆராய முன்வந்தார். சென்னையில் டாக்டர் எஸ். பி. தியாகராஜனும் அவருடைய சகாக்களும் அவரோடு சேர்ந்து செய்த சோதனை 1988இல் லான்செட் என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளியாயிற்று. நெடுநாளாகக் கிருமியைச் சுமந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லித் தூள் கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் கிருமியின் அடையாளம் காணாமல் போயிற்று. வெறும் தூள் சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கே அப்படி ஆயிற்று. உலகமே திரும்பிப் பார்த்தது. நம் தமிழர்களுக்குப் பெருமையாகவும் இருந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே சோதனையைத் தாய்லாந்தில் செய்து பார்த்து 1990இல் முடிவை வெளியிட்டார்கள். அங்கே செடி கிருமியைப் போக்கவில்லை. பின்னர் வேறு இடங்களில் நடந்த சோதனைகளையெல்லாம் சேர்த்து அலசிப் பார்த்தவர்களும், கீழாநெல்லி ஹெப்படைட்டிஸ் பியைக் குணப்படுத்துகிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்றே சொன்னார்கள். செடியின் ஆராய்ச்சி இன்னும் நடக்கட்டும். நமக்கு ஆட்சேபம் இல்லை. அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப் போடுவதுதான் ஆபத்து.

"அப்படியானால் எங்கள் மாமாவுக்குக் காமாலை எப்படித் தீர்ந்தது?" என்று கேட்பீர்கள். காமாலையில் பல வகை உண்டு. கெட்ட தண்ணீராலும் அசுத்தமான உணவாலும் வரும் ஹெப்படைட்டிஸ் ஏ, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே குணமாகிவிடும். அந்தச் சில வாரங்களில் எதைக் குடித்திருந்தாலும் அதற்குத்தான் பேர் கிடைக்கும். பி, சி கிருமிகள் அப்படியல்ல. கண் மஞ்சளே ஆகாமல் இருபது முப்பது ஆண்டுகள் உள்ளே இருந்து கல்லீரலை அரிக்கும். கல்லீரலுக்கு உள்ளே வலி உணரும் நரம்பு இல்லாதபடியால் ஆளுக்குத் தெரியாது. கை சிவப்பதும் கால் வீங்குவதும் தெரிய வரும்போது நோய் பாதி வழி வந்திருக்கும்.

ஹெப்படைட்டிஸ் பி எப்படித் தொற்றுகிறது என்பதைத் தாய்மார்கள் கவனமாகக் கேட்க வேண்டும். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ கை குலுக்குவதாலோ வராது. இரத்தத்தின் வழியாகவும், உடலுறவின் வழியாகவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கும் தொற்றுகிறது. பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குமேல் உடம்பே கிருமியை விரட்டிவிடும். பிறக்கும்போதே தொற்றிய குழந்தைகளுக்கோ, பத்தில் ஒன்பது பேருக்கு அது ஆயுள் முழுவதும் தங்கிவிடுகிறது. ஆகவே கர்ப்பிணிகள் முதலிலேயே கிளினிக்கில் பதிந்து இரத்தம் சோதிக்க வேண்டும். தாய்க்குக் கிருமி இருந்தால், பிள்ளை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் பாதுகாப்பு ஊசியும் போட்டுப் பிள்ளையைக் காப்பாற்றலாம். நம் நாட்டில் 1989 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் இத்தடுப்பூசி போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்தவர்கள் ஒரு முறையேனும் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அந்த வயதினர்தாம் இன்று நம் குடும்பங்களைத் தாங்கி நிற்கிறார்கள்.

இரத்தம் என்றதும் ஊசி மட்டுந்தான் என்று எண்ணவேண்டாம். ஒருவர் சவரக் கத்தியை இன்னொருவர் எடுத்துக்கொள்வது, பச்சை குத்துவது, காது குத்துவது எல்லாம் கணக்கில் சேரும். தைப்பூசத்தில் அலகு குத்துகிறவர்கள் தத்தம் வேல்களையும் கொக்கிகளையும் தனியே வைத்துக்கொள்வது நல்லது. பக்திக்கு இதனால் ஒரு குறையும் வராது.

இப்போது மருந்துகளைப் பற்றி. ஹெப்படைட்டிஸ் பிக்கு டெனோபோவிர், என்டெகாவிர் என்ற மாத்திரைகள் இருக்கின்றன. கிருமியை முற்றிலும் ஒழிப்பது அரிது, ஆனால் அடக்கி வைக்கும், கல்லீரல் தேறும். தினமும் சாப்பிட வேண்டும், டாக்டர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது. திடீரென்று நிறுத்தினால் கிருமி சீறி எழும். ஹெப்படைட்டிஸ் சி விஷயத்தில் நம் நாடு பெருமைப்படத்தக்க ஒரு காரியம் செய்தது. சோபோஸ்புவிர் என்ற புதிய மருந்து வந்தபோது அதன் விலை ஏழைகள் கனவிலும் எட்ட முடியாததாக இருந்தது. 2017 செப்டம்பரில் மலேசிய அரசாங்கம், காப்புரிமை வைத்திருந்த கம்பெனியைக் கேட்டுக்கொண்டிராமல், மலிவான மருந்தை அரசாங்கப் பயனுக்கு வரவழைக்க உத்தரவிட்டது. 2018 முதல் அரசாங்க மருத்துவமனைகளில் இச்சிகிச்சை இலவசமாகக் கிடைத்து வருகிறது. பெரும்பாலோருக்கு 12 வாரம் மாத்திரை போதும். நூற்றுக்கு 95 பேர் முழுக் குணம் அடைகிறார்கள். முன்னாளில் போதை ஊசி போட்டுக்கொண்டவர்கள், பல்லாண்டுக்கு முன் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் இதற்காகவே ஒரு முறை கிளினிக் போய் வரலாம்.

மதுவைப் பற்றிப் பேசாமல் தோட்டத்துக் கல்லீரலைப் பற்றிப் பேச முடியாது. குடிக்கிறவர்களைத் திட்டுவதற்கு இந்தப் பேச்சு அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைத்துக் கொடுத்தவர்கள் யார் என்பதை நாம் மறந்துவிடவில்லை. மறக்காதவர்கள் நம் முன்னோரிலும் இருந்தார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில், சம்பளத்தோடு கள்ளுக்கடையை மூடும் கோரிக்கையும் இருந்தது. போருக்குப் பின் நம் பக்கத்து மாநிலமான கெடாவில், தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை மறியல் செய்தார்கள். கள்ளுக்குப் பின்னால் சம்சு வந்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அதை எதிர்த்துப் பல்லாண்டுகள் பிரசாரம் செய்தது. கள்ளில் நூற்றுக்கு நாலைந்து பங்குதான் சாராயச் சத்து. சம்சுவில் அது பல மடங்கு. "கள் குளிர்ச்சி, பீர் பலம், சம்சுதான் கெடுதல்" என்று வகை பிரித்துப் பேசுவார்கள். கல்லீரலுக்கு வகை தெரியாது, அளவுதான் தெரியும். கள்ளச்சாராயமோ உடனேயே ஆளைக் கொல்லும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் மாண்டார்கள்.

மதுவால் வந்த கோளாற்றில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. கொழுப்பு படிந்த நிலையில் இருக்கும் கல்லீரல், குடியை நிறுத்திய சில வாரங்களிலேயே தேறத் தொடங்குகிறது. சுருங்கிப்போன பிறகு முழுதும் பழையபடி ஆகாது. அப்போதும் நிறுத்தியவர் நிறுத்தாதவரைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக வாழ்கிறார். ஆனால் தினமும் நிறையக் குடித்தவர் வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. இரண்டு மூன்று நாளுக்குள் கை கால் நடுங்கி, இல்லாததெல்லாம் கண்ணில் தெரிந்து, வலிப்பும் வரலாம். மனைவிமார்கள் சாமி முன் சத்தியம் வாங்குவதற்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. மருத்துவமனையில் மருந்து கொடுத்து இதைச் சுலபமாகத் தாண்ட வைக்கிறார்கள்.

அடுத்து, பத்தியம். காமாலைக்காரருக்கு எண்ணெய் ஆகாது, மீன் ஆகாது, முட்டை ஆகாது, மோர்ச் சோறு மட்டுமே என்று மாதக் கணக்கில் வைத்துவிடுகிறோம். கல்லீரல் சுருங்கிய நோயாளிக்கு இது பெருந்தீங்கு. அவருடைய உடம்பு ஏற்கெனவே தன் சதையையே தின்றுகொண்டிருக்கிறது. தோளும் தொடையும் வற்றிப்போய் வயிறு மட்டும் பெருத்துத் தெரிவது இதனால்தான். அவருக்கு முட்டை, மீன், கோழி, பருப்பு, தௌஹு எல்லாம் வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுக்க வேண்டும். இரவு படுக்கப் போகுமுன் ஒரு டம்ளர் பாலோ இரண்டு துண்டு ரொட்டியோ கொடுப்பது மிகவும் நல்லது. நீண்ட இரவு வெறும் வயிறு அவருக்கு ஆகாது. குறைக்க வேண்டியது உப்பை. காலும் வயிறும் வீங்கியவருக்குக் கருவாடு, ஊறுகாய், கிச்சாப், பெலாச்சான், பாக்கெட் மீ எல்லாம் நீரைக் கட்டிக்கொள்ளச் செய்யும். பினாங்குக்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: கோயித்தியாவில் அரை வேக்காடாகப் போடும் கெராங்கைக் கல்லீரல் நோயாளிகள் தொடவே கூடாது. அதில் இருக்கும் கிருமி அவர்களின் இரத்தத்தில் கலந்து உயிரையே வாங்கிவிடும். கோப்பி குடிக்கலாமா என்று கேட்பவர்களுக்குச் சந்தோஷமான பதில். கோப்பி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் கெடுவது குறைவு என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அது சீனியில்லாத கோப்பி ஓ. கட்டிப்பால் ஊற்றிய கோப்பிக்கு அந்தச் சலுகை கிடையாது.

தலைவலி, உடம்பு வலி மாத்திரைகளிலும் கவனம் தேவை. பாரசிட்டமால் நல்ல மருந்துதான். கல்லீரல் நோயாளிகளும் தினமும் குடிப்பவர்களும் ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை நாலுக்கு மேல் போகக்கூடாது. அதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மூட்டு வலிக்காகக் கடையில் வாங்கும் கடும் வலிநிவாரணிகள் அவர்களுக்குச் சிறுநீரகத்தைக் கெடுத்து இரத்தக் கசிவையும் உண்டாக்கும். சந்தையில் பெயரில்லாப் புட்டியில் விற்கும் லேகியம், ஜாமு வகைகளில் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது.

சில அடையாளங்கள் கண்டால் காலைவரை காத்திருக்கக்கூடாது. இரத்த வாந்தி ஒன்று. மலம் தார் போல் கறுத்துப் போவது இன்னொன்று. வயிற்றில் நீர் கட்டியவருக்குக் காய்ச்சலும் வயிற்று வலியும் வந்தால் அதுவும் அவசரந்தான். இவற்றையெல்லாம் ஜனங்கள் ஓரளவு கண்டுகொள்கிறார்கள். கண்டுகொள்ளாமல் விடுவது மனக்குழப்பத்தை. பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் விழித்திருப்பார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுவார். பேச்சு குழறும். கையை நீட்டச் சொன்னால் பறவை சிறகடிப்பது போல மணிக்கட்டு படபடக்கும். குடியை விட்டு ஆறு மாதம் ஆனவராக இருப்பார். வீட்டார் "மறுபடியும் குடித்துவிட்டான்" என்று கோபித்துக்கொண்டு திண்ணையில் படுக்க விடுவார்கள். வேறு சிலர் காத்துக் கருப்பு என்று சாமியாடியிடம் அழைத்துப் போவார்கள். கல்லீரல் வடிகட்டாத நச்சு மூளைக்கு ஏறியதால் வருவது இது. பல வேளை மலச்சிக்கலே இதைத் தூண்டிவிடுகிறது. மருத்துவமனைக்குக் கொண்டு போனால் பேதி மருந்தும் மற்றச் சிகிச்சையும் கொடுத்துப் பெரும்பாலும் தெளிய வைத்துவிடுவார்கள். தூக்க மாத்திரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

எங்கே போவது? கை சிவந்திருக்கிறது என்பது மட்டும் காரணமானால் அரசாங்கக் கிளினிக்கே போதும். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான். அங்கே கல்லீரலுக்கான இரத்தச் சோதனையும் பி, சி கிருமிகளுக்கான சோதனையும் எடுப்பார்கள். சந்தேகம் இருந்தால் வயிற்றை ஸ்கேன் செய்ய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். பிறை வாசிகளுக்குச் செபராங் ஜெயா மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. போகும்போது வீட்டில் சாப்பிடும் எல்லா மருந்துகளையும், சூரணம், லேகியம், ஜாமு உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எவ்வளவு குடிப்பது என்று டாக்டர் கேட்டால் உள்ளபடி சொல்லுங்கள். அவர் தோட்டத்தில் வந்து யாரிடமும் சொல்லப்போவதில்லை. மலாயோ ஆங்கிலமோ வராத பெரியவர்களோடு, படித்த பிள்ளை ஒன்று துணைக்குப் போகட்டும். சோதனையில் ஹெப்படைட்டிஸ் பி இருப்பதாகத் தெரிந்தால், அந்த வீட்டிலுள்ள கணவன், மனைவி, பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள் அனைவரும் இரத்தம் சோதிக்க வேண்டும். கிருமி இல்லாதவர்களில் தடுப்பூசி போடாதவர்கள் மூன்று முறை ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அந்தத் தேதிகளைக் காலண்டரில் குறித்து வைக்கும் வேலையைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடமே ஒப்படைக்கலாம்.